கடல் எவ்வளவு தூரம்

படிவம் வேறெங்கோ அச்சடித்தது.
நாகப்பட்டினத்தில் மிச்சம் விழுந்த கட்டை
கரூருக்கு அனுப்பிவிட்டார்கள்.
‘பழமையான கடற்கரை நகரில் வசிப்பது பற்றித்
தங்கள் கருத்து’ என்று தலைப்பு.
‘கடற்கரை’யை அடித்து
‘ஆற்றங்கரை’ என்று எழுதச் சொன்னார் அலுவலர்.
முந்நூறு தாள். நாற்பதோடு கை ஓய்ந்தது.
மீதியைக் கடலோடவே கொண்டுபோனேன்.

வீட்டில் வலை உண்டா?
‘நாலு கட்டு கெடக்குதுங்க.
வெள்ளை வேணுமா, பச்சையா?’
கொசுவலைக்கு ஓரம் அடித்தபடி ரஹ்மத்நிஷா.
‘உண்டு’ என்று எழுதினேன்.
பொய்யில்லை.

படகு?
சென்னியப்பன் வெல்டிங் கண்ணாடியை
நெற்றிக்கு ஏற்றினார்.
பின்னால் ஒரு பஸ்
தகரம் போர்த்தாமல்
விலா எலும்பெல்லாம் தெரிய நின்றது.
‘மாசம் எட்டு எறக்கறோம்’ என்றார்.
எதில் என்று நான் கேட்கவில்லை.

கோவிலுக்குப் பின்வீதியில் பெரியநாயகி:
‘பழசுன்னா என்னங்க,
ஒரு மாடி எடுக்க ஒம்பது மேசை ஏறோணும்.’
படிவத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.
கதவு வரை வந்தவர்
குரலை இறக்கிச் சொன்னார்:
‘ராத்திரி கரண்ட் போச்சுன்னா
கோபுரம் மட்டும்
இருட்டைவிட ஒரு பங்கு கருப்பா நிக்கும்.
அதப் பாக்கறதுக்கே முழிச்சிருப்பேன்.
எழுதீராதீங்க.’
அங்கே எழுதவில்லை.

வஞ்சி இதுதான், சேரன் தலைநகர் இதுதான் என்று
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்
முக்கால் மணி நேரம் வாதாடினார்,
எதிர்க்கட்சி வக்கீல் நான்தான் என்பதுபோல.
உள்ளிருந்து அவர் மனைவி:
‘தலைநகரத்துல தண்ணி
எட்டு நாளைக்கு ஒருக்கா வருதுன்னும்
சேத்து எழுதிக்கம்மிணி.’

ஆற்று மணலைச் சலித்த காலத்தில்
மாரப்பனுக்கு ஒரு காசு கிடைத்ததாம்.
‘எந்தச் சீமை ராசாவோ,
மூஞ்சி தேஞ்சு மூக்கு மட்டும் நின்னுச்சு.
வித்து மிக்சி வாங்குனோம்.
அதுவும் தேஞ்சு போச்சு, போங்க.’
சிரித்தார்.
நானும் சிரித்துக்கொண்டே ஆற்றைப் பார்த்தேன்.
கணுக்கால் அளவு அமராவதி.
யார் வீட்டு ஜன்னல் திரைக்கோ பூசியதில் வழிந்த
ஊதா ஒன்று, ஓரமாய்.

சம்பூரணம் மேசையில்
நங்கூரம் போட்ட துண்டுகள், ஆளுயரத்துக்கு.
கடல் எவ்வளவு தூரம்?
‘முப்பத்தெட்டு நாளுங்க’ என்றாள்,
தலை நிமிராமல்.
தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி
அக்கரையில் இறங்கும் கணக்கு.
நாற்பதைத் தாண்டினால் பணம் நிற்கும்.
பணம் நின்றால் சனிக்கிழமைக் கூலி நிற்கும்.
‘மணல் ஒட்டப்படாதாம். அதுக்குத்தான்
நூலு இத்தன நெருக்கம்.’
நீங்கள் கடல் பார்த்ததுண்டா?
இது படிவத்தில் இல்லாத கேள்வி.
‘திருச்செந்தூர்ல ஒருக்கா.
துண்டு எடுத்துட்டுப் போக
மறந்துட்டேன்.’

சாயங்காலம் கட்டைப் புரட்டிய அலுவலர்
‘என்னம்மா, பாதிக்கு மேல
கடல்னே இருக்குது?’ என்றார்.
‘யாரும் தப்புன்னு சொல்லலைங்க சார்.’
முத்திரை குத்தினார்.

ஒரு தாள் மட்டும்
என் பையிலேயே தங்கிவிட்டது.
பெயர்: தமயந்தி. வயது: முப்பத்தொன்று.
வசிக்கும் காலம்: பிறந்ததிலிருந்து.
கருத்து என்ற இடத்தில்
பேனா வைத்த புள்ளி மட்டும் பெருத்துக்கொண்டிருக்க,
கண்டக்டர் கம்பியைத் தட்டினார்:
‘லைட்ஹவுஸ் கார்னரெல்லாம் எறங்கு!’
எந்தக் கப்பலுக்கு இந்தப் பெயர் என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்வார்கள் இங்கே.
இறங்கினோம்,
பதினோரு பேர்,
ஒரு கோழிக்கூடை.